பேட்டரியின் மேல் விழுந்த பழி

இந்த வாரம் வழக்கத்தைவிடச் சற்று நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையோடு வாசியுங்கள். இதில் பாதி, பழைய கேரவன் வண்டி ஒன்றின் பேட்டரியைப் பற்றியது. குளிர்காலத்தில் பாலைவனத்திற்கும் கடற்கரைக்கும் குடும்பத்தோடு செல்லும் உங்களில் பலருக்கு அது நேரடியாகவே பயன்படும். மறுபாதி, உங்கள் பங்குத்தந்தையாகிய நான் செய்த ஒரு பிழையைப் பற்றியது. அதைத் தனியறையில் மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பிழை பலர் அறிய நடந்தது. ஆகவே திருத்தமும் பலர் அறிய நடக்க வேண்டும்.

ராஸ் லஃபானை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தோஹாவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 1971-இல் கடலுக்கடியில் கண்டறியப்பட்ட அந்தப் பெரும் எரிவாயுப் படுகையின் வாயு, அங்கேதான் கரையேறி, கழிக்குறி 162 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கப்பட்டு, அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கித் திரவமாகிக் கப்பல் ஏறுகிறது. தொலைதூர நாடுகளின் சமையலறைகளும் மின்நிலையங்களும் அதனால் எரிகின்றன. இரவில் அல்கோர் சாலையில் வரும்போது தொலைவில் தெரியும் அந்தத் தீச்சுடர்களைப் பார்த்து, எத்தனையோ முறை வண்டியை ஓரம் நிறுத்தி நின்றிருக்கிறேன். உங்களில் பலர் அந்தச் சுடர்களின் அடியில் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள்.

அத்தனை ஆற்றல் பிறக்கும் இடத்திற்குப் பக்கத்தில், ஒரு சிறிய விளக்கு எரியாமல் போனதுதான் இந்தக் கதை.

சென்ற ஆண்டு நம் மக்களில் நான்கு குடும்பத்தார் சேர்ந்து, பழைய கேரவன் ஒன்றை வாங்கினார்கள். விற்றவரும் நம்மவரே. இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த மண்ணில் உழைத்துவிட்டு, வேலை முடிந்து ஊர் திரும்பவிருந்தவர். விலை 18,000 ரியால் என்று பேசினார்கள். 15,000 கைமாறியது. மீதி 3,000, வண்டியைச் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தபின் தருவதாக ஒப்பந்தம். எழுத்தில் எதுவும் இல்லை. நம் ஆட்களுக்குள் எழுத்து எதற்கு என்ற நம்பிக்கைதான். ஒருவருடைய அரபு முதலாளி, தம்முடைய குளிர்காலக் கூடார இடத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ள அன்போடு இடம் கொடுத்தார். கடல் காற்று தொடும் தூரம். பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்ட வேண்டும் என்பதே அவர்களுடைய ஆசை. அடுக்குமாடிக் கட்டடத்தில் வளரும் பிள்ளைகளுக்கு அது சிறிய ஆசை அல்ல.

முதல் வாரம் எல்லாம் நன்றாக இருந்தது. இரண்டாம் வாரம் தண்ணீர் மோட்டாரைப் போட்டவுடன் விளக்குகள் மங்கின. மூன்றாம் வாரம் வியாழன் மாலை போய்க் கதவைத் திறந்தால் வண்டி முழுவதும் இருட்டு. ஜெனரேட்டரை இரண்டு மணி நேரம் ஓட்டினார்கள், விளக்கு வந்தது, பத்து மணிக்கெல்லாம் மறுபடி மங்கிவிட்டது. குழந்தைகள் அழுதன. பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டி, மறுநாளே புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்தினார்கள். நூறு ஆம்பியர்-மணி கொண்ட நல்ல பேட்டரி. அதுவும் இரண்டே வாரத்தில் அதே கதிக்கு ஆளானது.

அப்போதுதான் பேச்சு திசைமாறியது. "பேட்டரி மட்டுமில்லை, வண்டியே அழுகல். தெரிந்தே நம்ம தலையில் கட்டிவிட்டார்" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் ஆமோதித்தார்கள். மீதிப் பணத்தைத் தரமுடியாது என்று அறிவித்தார்கள். விற்றவரோ, "நான் கொடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது" என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். வழக்கு என் மேசைக்கு வந்தது.

அன்பு மக்களே, நான் என்ன செய்தேன் தெரியுமா? நால்வர் சொன்னதை அரை மணி நேரம் கேட்டேன். ஒருவர் சொன்னதை ஐந்து நிமிடம் கேட்டேன். நால்வரும் வாரந்தோறும் என் கண்ணில் படுகிறவர்கள். விழாக்களுக்குப் பந்தல் போடுவது முதல் பாத்திரம் கழுவுவது வரை ஓடி வருகிறவர்கள். அவரோ கடைசி இருக்கையில் அமர்ந்து, முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர். இரண்டு பேட்டரிகள் செத்திருக்கின்றன என்றால் வண்டியில்தானே குற்றம், வண்டி அவருடையதுதானே என்று எனக்குத் தோன்றியது. அவரை அழைத்து, "சமாதானத்துக்காக அந்த மூவாயிரத்தை விட்டுக்கொடுத்துவிடுங்கள்" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "நீங்க சொன்னா சரி, சாமி" என்றார். பத்து நாளில் ஊருக்குப் போய்விட்டார். நான் ஒரு சண்டையைத் தீர்த்துவைத்த திருப்தியோடு தூங்கினேன்.

பணம் கொடுக்காமல் விட்டதால் விளக்கு எரிந்துவிடுமா? எரியவில்லை. வண்டி இருட்டாகவே நின்றது. கடைசியில் நால்வரில் ஒருவர், தம்முடன் ராஸ் லஃபானில் பணிபுரியும் மூத்த மின்பணியாளர் ஒருவரை அழைத்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்குபவர். அன்று வியாழக்கிழமை. நானும் அங்கே இருந்தேன். வந்ததும் வராததுமாக நால்வரும் ஒரே குரலில் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். அவர் கையை உயர்த்தினார்.

"முதல்ல அளப்பம். பேந்து பேசுவம்."

'பேந்து' என்றால் அவர்கள் ஊர்த் தமிழில் 'பிறகு'. முதலில் அளந்து பார்ப்போம், பிறகு பேசுவோம். இந்த நான்கு சொற்களைக் கேட்டபோதே என் உள்ளத்தில் எங்கோ ஒரு முள் தைத்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

அவர் மல்டிமீட்டரை எடுத்தார். கைமோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். பேட்டரியின் இரு முனைகளிலும் கம்பிகளை வைத்தார். 11.7 வோல்ட். "இது வெறும் வயிறு. பசியோட இருக்கிறவனை ஓடச் சொல்லிப்போட்டு, நோயாளி எண்டு சொல்லக் கூடாது" என்றார். முழுமையாக ஏறிய ஈய அமிலப் பேட்டரி, சில மணி நேரம் ஓய்வெடுத்தபின் ஏறத்தாழ 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி மீதமிருக்கிறது. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. காலியான பேட்டரியைச் சோதித்து, அது நல்லதா கெட்டதா என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனவே அவர் கழிமுனையை முதலில் கழற்றி, பிறகு நேர்முனையைக் கழற்றி, பேட்டரியைத் தம் அறைக்கே எடுத்துச் சென்றார். இரவு முழுவதும் தனிச் சார்ஜரில் ஏற்றினார்.

அன்றிரவு நாங்கள் டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது, நான் சிறுவனாக இருந்த காலம் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்த் திருவிழாவில் சப்பரம் இரவு முழுவதும் தெருத்தெருவாகப் போகும். குழல் விளக்குகளுக்கு லாரி பேட்டரிகளை வாடகைக்கு எடுப்பார்கள். நள்ளிரவில் விளக்கு மங்கினால், வாடகைக் கடைக்காரரை வசைபாடாதவர் இல்லை. அவர் ஒவ்வோர் ஆண்டும் சொல்வார்: "அண்ணாச்சி, பேட்டரி நல்லாத்தான் இருக்கு, வயரை முறுக்கிக் கட்டினது யாருன்னு கேளுங்க." நாங்கள் யாரும் கேட்டதில்லை. குறை கண்ணுக்குத் தெரியும் பொருளின் மேல்தான் விழும்.

குருமடத்தில் படித்த நாளில் அறிந்த இன்னொருவரும் நினைவுக்கு வந்தார். இத்தாலியின் வோல்டா 1800-இல் முதல் மின்கல அடுக்கை உலகிற்கு அறிவித்தார் என்பது உங்கள் பிள்ளைகளின் பாடநூலிலும் இருக்கும். பிரான்சின் பிளாந்தே 1859-இல், மீண்டும் மீண்டும் ஏற்றக்கூடிய ஈய அமில மின்கலத்தை உருவாக்கினார். இன்று உங்கள் கார்களில் இருப்பது அதன் வழித்தோன்றலே. இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தில் அயர்லாந்தின் மேனூத் குருமடத்தில் நிக்கலஸ் காலன் என்ற குரு இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தார். 1836-இல் தூண்டு சுருளை உருவாக்கியவர் அவர். விலையுயர்ந்த பிளாட்டினத்திற்குப் பதிலாக வார்ப்பிரும்பை வைத்து மலிவான மின்கலங்களையும் செய்தார். அக்காலத்தில் மின்னழுத்தத்தை அளக்க இன்றைய கருவிகள் இல்லை. அவருடைய குருமாணவர்களே அதிர்ச்சியை வாங்கி அளவுகோலாக இருந்தார்கள் என்று சொல்வார்கள். நல்லவேளை, என் பேராசிரியர்கள் தத்துவத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்!

மறுநாள் பிற்பகல் பெரியவர் பேட்டரியோடு திரும்பினார். ஓய்வில் 12.6 வோல்ட். பிறகு பழைய கார் முகப்பு விளக்கு ஒன்றை நேரடியாக முனைகளில் மாட்டினார். 55 வாட், ஏறத்தாழ நான்கரை ஆம்பியர் இழுக்கும். அரை மணி நேரம் எரியவிட்டார். 12.4-க்குக் கீழே இறங்கவில்லை. பலவீனமான பேட்டரி என்றால் இந்தச் சுமையிலேயே சரசரவென்று சரிந்திருக்கும்.

"பற்றரியில பிழை இல்லை, ஃபாதர். பிழை வேற இடத்தில" என்றார்.

பேட்டரியை வண்டியில் பொருத்தி, எல்லா விளக்குகளையும் தண்ணீர் மோட்டாரையும் போடச் சொன்னார். பேட்டரி முனையில் 12.3 வோல்ட். மோட்டாரின் முனையில் அளந்தார்: 10.6. வழியில் 1.7 வோல்ட் காணாமல் போயிருந்தது. புறப்பட்டது சேரவில்லை என்றால் வழியில் யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்றுதானே பொருள்? மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் கழிமுனையிலும் மற்றொன்றை வண்டியின் இரும்புச் சட்டத்திலும் வைத்தார். அந்த இரண்டும் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டவை. இடையே ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. மீட்டர் 1.5 வோல்ட் காட்டியது.

"தொட்டுப் பாருங்கோ."

எர்த் கம்பி சட்டத்தில் முறுக்கப்பட்டிருந்த இடம் சுட்டது. ஏழு ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் இழப்பு என்றால், அந்த ஒரு போல்ட்டில் மட்டும் பத்து வாட் வெப்பமாக வீணாகிறது. போல்ட்டைக் கழற்றினார். வளையத்தின் அடியில், பளபளவென்ற கறுப்புப் பெயிண்ட். அதன் விளிம்பில் உப்புக் காற்றில் பூத்த துரு. பெயிண்டின் மேல் இரும்பை முறுக்கினால் மின்சாரம் எப்படிப் போகும்? ஏதோ ஒரு மூலையில் கீறியிருந்த இடத்தின் வழியாக அது இவ்வளவு நாள் மூச்சுத் திணறிப் போயிருக்கிறது.

"இதைக் கழற்றி மாட்டினது ஆர்?"

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவர் மெல்லச் சொன்னார்: முதல் வாரம் தண்ணீர்க் கேன் வைக்க இடமில்லை என்று பேட்டரிப் பெட்டியை ஓரமாக நகர்த்தியபோது, அந்தக் கம்பி எட்டவில்லை, ஆகவே வேறோர் இடத்தில் துளைபோட்டு மாட்டினார்கள்.

சார்ஜருக்கும் இதே வழிதான். ஜெனரேட்டர் ஓடும்போது சார்ஜரின் முனையில் 14.4 வோல்ட் இருந்தது. பேட்டரியின் முனைக்கு 13 அளவுதான் வந்து சேர்ந்தது. இரண்டு மணி நேரத்தில் பேட்டரி எப்படி வயிறு நிறைய உண்ணும்? பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்தபின் வளையத்தை இறுக்கி, மேலே வாசலின் பூசினார். மீண்டும் அளந்தார். 0.05 வோல்ட். மோட்டார் சத்தமே மாறிவிட்டது. பிள்ளைகள் கைதட்டின.

ஆனால் அவர் கருவியை மூடவில்லை. "இது அரைவாசி. மற்ற அரைவாசி இருக்கு. வாரம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வண்டி ஏன் வெறுமையாகுது?" எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். கழிமுனைக் கம்பிக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் தொடராக இணைத்தார். ஒன்றும் ஓடாத வண்டியில் 0.9 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது! ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மாற்றமில்லை. பேட்டரியில் நேரடியாக மாட்டியிருந்த ஒரு தடித்த கம்பி இணையைக் கழற்றியதும் 0.1-க்கு இறங்கியது. மிச்சம் அந்த 0.1, எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவி. அது ஓடத்தான் வேண்டும்.

கழற்றிய கம்பி ஓர் இன்வெர்ட்டருடையது. பிள்ளைகள் தொலைக்காட்சி பார்க்க நால்வரும் வாங்கிப் பொருத்தியது. அதில் எதையும் மாட்டாவிட்டாலும், தான் விழித்திருப்பதற்கே அது 0.8 ஆம்பியர் குடித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 0.9 ஆம்பியர், ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 21 ஆம்பியர்-மணிக்கு மேல். சனி முதல் வியாழன் வரை ஐந்து நாளில் நூற்றைத் தாண்டும். நூறு ஆம்பியர்-மணிப் பேட்டரி, முழுதாக ஏறியிருந்தாலும் காலி. ஏறியதே பாதி என்னும்போது கேட்க வேண்டுமா?

இரண்டு குறைகள். இரண்டும் விற்றவர் கொடுத்தவை அல்ல. இரண்டும் வாங்கியபின் நேர்ந்தவை.

நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பெரியவர் தேநீர் குடித்தபடி, பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார். தொண்ணூறுகளில் அவர்கள் ஊரில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பேட்டரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் அவர்கள். "ஒரு பழைய பற்றரி எண்டாலும் எறிய ஏலாது, ஃபாதர். வேற இல்லையே. பிழை எங்க எண்டு தேடித்தான் ஆகவேணும். இஞ்ச காசு இருக்கு. அதால தேடுறதில்லை, மாத்திப்போடுறது."

பேட்டரியைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு அது மனிதரைப் பற்றியதாகவே கேட்டது. நானும் தேடவில்லை. எளிதாக மாற்றிவிடக்கூடிய பக்கத்தின் மேல் பழியைப் போட்டேன். ஊருக்குப் போகிறவர்தானே, போய்விடுவார்.

அதன்பின் நடந்ததை இன்னும் வெட்கத்தோடு சொல்கிறேன். எர்த் இணைப்பின் படம் எங்காவது இருக்கிறதா என்று பெரியவர் வண்டியின் இழுப்பறைகளைத் திறந்தபோது, நெகிழிப் பையில் சுற்றிய நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடைத்தது. விற்றவர் எழுதிவைத்தது. எந்தத் தேதியில் பேட்டரித் தண்ணீர் ஊற்றினார், எந்த ஃபியூஸ் எதற்கு, எந்தச் சக்கரத்தில் எவ்வளவு காற்று என்று வரிவரியாக இருந்தது. கடைசிப் பக்கத்தில், வாங்குகிறவர்களுக்காகவே ஒரு பட்டியல். அதில் நான்காவது வரி: "எர்த் போல்ட்டை எடுத்தால், மாட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு மாட்டவும். இல்லாவிட்டால் லைட் மங்கும்."

யாரும் திறந்து பார்க்கவில்லை. நானும் அவரிடம், "வண்டியைப் பற்றி எதாவது எழுதிக் கொடுத்தீர்களா?" என்று கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் அதைக் கேட்க நேரமிருக்கவில்லை.

அன்றிரவே நால்வரும் 3,000 ரியாலைச் சேர்த்துவிட்டார்கள். ஒருவருக்கு மட்டும் சற்றுத் தயக்கம்; "அவரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் சொன்னார், நாம்தான் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். வேலைநாள் வந்ததும் பணம் அனுப்பப்பட்டது. பிறகு அவருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

மகளின் செவிலியர் கல்லூரிக் கட்டணத்திற்கு அந்தப் பணத்தை எண்ணியிருந்தார். வராததால் மனைவியின் வளையலை வங்கியில் அடகு வைத்திருந்தார். "இப்ப மீட்டிரலாம், சாமி" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பணம் வந்தது சந்தோசம், சாமி. ஆனா இருபத்திரண்டு வருசம் அங்க இருந்திட்டு, பொய்க்காரன்னு பேரெடுத்துத்தான் ஏர்போர்ட்டுக்குப் போனேன். அது பணத்தில வராதுல்ல?"

வராது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தப் பதிவை எழுதட்டுமா என்று மட்டும் கேட்டேன். "எழுதுங்க. ஆனா யார் பேரும் வேணாம், அந்த நாலு பேர் பேரும் வேணாம்" என்றார். அவருடைய சொல்லை இங்கே காத்திருக்கிறேன். அவரை அறிந்தவர்களுக்கு, யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். அவர் உண்மையே பேசினார். நான்தான் தவறாகத் தீர்ப்புச் சொன்னேன். அவரைப் பற்றி எங்காவது தவறாகப் பேசியிருந்தால், பேசிய அதே இடத்தில் இதையும் சொல்லுங்கள். உங்களிடம் நான் கேட்கும் உதவி இதுவே.

இனி, பெரியவர் சொன்னவற்றில் உங்களுக்குப் பயன்படுபவை. குளிர்காலம் வருகிறது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவீர்கள்.

1. பேட்டரியை மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். முழுதாக ஏற்றி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, பிறகு சுமையோடு சோதியுங்கள். நல்ல பேட்டரி தன் முனையில் தாங்கி நிற்கும். முனையில் நன்றாக இருந்து விளக்கில் குறைந்தால், குற்றம் வழியில். முதலில் எர்த் இணைப்பைப் பாருங்கள்.

2. முனைகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால், தண்ணீரில் கரைத்த ஆப்பசோடாவால் கழுவித் துடையுங்கள். கரைசல் பேட்டரிக்குள் போய்விடக் கூடாது. கழற்றும்போது கழிமுனை முதலில். மாட்டும்போது கழிமுனை கடைசியில். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள்.

3. வண்டியைப் பூட்டிவிட்டு வரும்போது இன்வெர்ட்டரை முழுவதுமாக அணையுங்கள். மின்சாரத்திலும் எரிவாயுவிலும் ஓடும் குளிர்பெட்டி இருந்தால், அது 12 வோல்ட்டில் விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது ஒன்றே ஓர் இரவில் பேட்டரியைக் காலிசெய்துவிடும்.

4. ஈய அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காதீர்கள், காலியாகவே விட்டுவைக்காதீர்கள். தகடுகளில் படிகம் உறைந்து, பிறகு ஏற்றினாலும் ஏறாது. பழையதையும் புதியதையும் ஒன்றாக இணைக்காதீர்கள். பழையது புதியதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

5. வெப்பம் பேட்டரியின் முதல் பகைவன். பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. எனவே ஊரில் நான்காண்டு உழைப்பது இங்கே இரண்டாண்டில் ஓய்ந்தால், விற்றவர்மேல் கோபப்படாதீர்கள். திறந்து தண்ணீர் ஊற்றும் வகையானால், கோடையில் மாதந்தோறும் அளவு பாருங்கள். சூரியத் தகடு இருந்தால் தூசியைத் துடையுங்கள்.

6. இதுதான் மிக முக்கியம். விளக்கு வரவில்லை என்ற அவசரத்தில் ஜெனரேட்டரை சன்னலுக்கு அருகில் வைக்காதீர்கள். குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய வண்டிக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்குகிறவர்களை எழுப்பாது. பேட்டரி ஏறும்போது எளிதில் தீப்பற்றும் வாயு வெளியாகும். அருகில் நெருப்பு கூடாது. இருட்டில் ஓர் இரவு இருப்பது ஒன்றும் பெரிய இழப்பல்ல. நட்சத்திரங்கள் இருட்டில்தான் நன்றாகத் தெரியும்.

அந்த நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. நால்வரும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அவரிடம் நேரில் ஒப்படைக்க எண்ணியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தின் கீழே, அவர் கையெழுத்துக்குச் சற்றுத் தள்ளி, யாழ்ப்பாணத்துப் பெரியவர் தம் பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "எர்த் சரி செய்யப்பட்டது. 0.05 வோல்ட்." அதன் கீழே தேதி.

இனி யாராவது என் மேசைக்கு வழக்கோடு வந்தால், சற்றுத் தாமதமாகும். பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் அளந்து பார்ப்போம்.

இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை